நேரில் வராத நிபுணருக்கு ‘இரவு வருகை’ கட்டணம்: குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெற்றோர் கவனத்துக்கு

4,860 வெள்ளி. அத்தனை ரிங்கிட்டுக்கான மருத்துவமனை பில் கைப்பையிலேயே இருக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

கோலாலம்பூரில் உள்ள ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. பெயர் போடவில்லை, காரணம் கடைசியில் சொல்கிறேன். வாசலில் சிரிக்கும் குழந்தை படம் போட்ட போர்டு, அதன் கீழே ‘24 மணி நேரக் குழந்தை நல நிபுணர்’ என்று கொட்டை எழுத்து. அந்த எழுத்தை நம்பித்தான் போனோம்.

மகளுக்கு ஒரு வயது தாண்டிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. இரண்டு நாள் சளி, அப்புறம் காய்ச்சல். அன்று நள்ளிரவில் மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே தோல் உள்ளே இழுக்க ஆரம்பித்தது. பார்த்தவர்களுக்குத் தெரியும், பெற்றவள் கை கால் ஆடிப்போகும். எங்கள் வீடு செந்தூலில். ஜாலான் ராஜா மூடா அப்துல் அசிஸில் இருக்கும் துங்கு அசிசா மருத்துவமனைக்கே போய்விடலாம் என்றார் கணவர். அரசாங்க மருத்துவமனை, நமக்குப் பதிவுக்கு 1 வெள்ளி. ஆனால் கூட்டம் எப்படி இருக்குமோ என்ற பயத்தில் முதலில் இந்தத் தனியாரின் எமர்ஜென்சியில் நுழைந்தோம்.

கவுண்டரில் இருந்தது நம் தமிழ்ப் பெண். கணவர் நேராகவே கேட்டார், “குழந்தை டாக்டர் இப்ப இருக்காரா? இல்லன்னா சொல்லிடும்மா, நாங்க துங்கு அசிசாவுக்குப் போயிடுறோம்.” அவள் சொன்ன பதில் எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது: “அண்ணே, ஸ்பெஷலிஸ்ட் 24 மணி நேரமும் இருக்காரு. பாப்பாவை இந்த நிலைமையில எங்க அலைய வைக்கப் போறீங்க? டெபாசிட் மட்டும் போட்டுருங்க, டாக்டர் வந்து பாத்துருவாரு.” என்னைப் பார்த்து, “அழாதீங்கக்கா, எங்க டாக்டர் கைராசிக்காரர்” என்று வேறு. அந்த ஒரு சொல்லில்தான் நாங்கள் நின்றோம். கணவரின் கம்பெனி, தான் ஒப்பந்தம் போட்ட பேனல் கிளினிக் செலவை மட்டுமே தாங்கும், வார்டுக்கு இல்லை. 3,000 வெள்ளி டெபாசிட்டைக் கார்டில் தேய்த்தார்.

வந்து பார்த்தது ஒரு இளம் மெடிக்கல் ஆபீசர், நிபுணர் இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, நன்றாகத்தான் பேசினார். மருந்தைப் புகைபோல் மூச்சில் ஏற்றும் நெபுலைசர் வைத்தார்கள், விரலில் ஆக்சிஜன் அளவு பார்த்தார்கள், வார்டுக்கு ஏற்றினார்கள். “ஸ்பெஷலிஸ்ட் எங்கே?” என்று கேட்டால் நர்ஸ், “வந்துக்கிட்டே இருக்காரு.” விடிந்தது. “ரவுண்ட்ஸ்ல வருவாரு.” மதியம் ஆனது. “கிளினிக்ல பேஷண்ட் பாக்குறாரு, முடிச்சிட்டு வருவாரு.” இப்படியே மாலை வரை.

மாலையில் வந்தார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார், “வைரஸ் கிருமிதான், பிரான்கியோலைட்டிஸ், நுரையீரலின் சின்னக் குழாய்களில் வீக்கம். இதற்கென்று தனி மருந்து இல்லை. மூக்குச் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும், பால் குடிக்கிறாளா பார்க்க வேண்டும், ஆக்சிஜன் குறைந்தால் கொடுக்க வேண்டும்” என்றார். கதவைத் திறந்ததும் தெரியவில்லை, மூடியதும் தெரியவில்லை. தனி மருந்து இல்லையென்றால் இரவு முழுக்க எதற்கு மணிக்கணக்கு வைத்து நெபுலைசர் கொடுத்தீர்கள்? அதைக் கேட்பதற்குள் போய்விட்டார்.

டிஸ்சார்ஜ் அன்று பில் வந்தது. மொத்தம் 4,860 வெள்ளி. ஒவ்வொரு நெபுலைசருக்கும் தனித் தனிக் கணக்கு. ஒரே குழந்தைக்கு முகமூடி மூன்று. கையுறைக்குக் காசு, உறிஞ்சும் குழாய்க்குக் காசு. இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். ‘நிபுணர் வருகை, இரவு நேரம்’ என்று ஒரு வரி. எந்த நிபுணர்? எந்த வருகை? அந்த இரவு நான் கண்ணே மூடவில்லை!

பில்லிங் கவுண்டரில் கேட்டேன். “டாக்டர் ஃபோன்ல ஆர்டர் குடுத்தாருக்கா, அதுவும் விசிட்தான்.” ஃபோனில் பேசினால் விசிட்டா? “அது டாக்டர் ஃபீஸ், ஹாஸ்பிடல் தலையிட முடியாது. அவங்க கிளினிக்ல கேளுங்க.” மேல் மாடியில் டாக்டரின் கிளினிக்குக்குப் போனால் அங்குள்ள நர்ஸ், “பில் போடுறது எல்லாம் கீழதான்.” கீழே வந்தால் ஷிஃப்ட் மாறிவிட்டது, புதியவருக்கு ஒன்றும் தெரியாது. இந்தக் கூத்துக்குக் காரணமும் இருக்கிறது: தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலான நிபுணர்கள் சம்பள ஊழியர்கள் இல்லை, அறை வாடகைக்கு எடுத்துத் தனியாகத் தொழில் நடத்துகிறவர்கள். மருத்துவமனையும் டாக்டரும் ஒருவரையொருவர் காட்டிக்கொண்டே இருக்கலாம்.

எழுத்தில் புகார் கொடுத்தேன். வாட்சாப்பில் பதில் வந்தது: ‘உங்கள் கருத்துக்கு நன்றி.’ அதோடு முழு உடல் பரிசோதனைக்கு 10 சதவீதத் தள்ளுபடி கூப்பன். 4,860 வெள்ளி பிடுங்கிக்கொண்டு என் ரத்தத்தையும் சோதித்துப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள்.

கிளினிக்கில் வேலை செய்யும் என் சித்தி மகன் சொல்லித்தான் சில விஷயம் தெரிந்தது. டாக்டர் கட்டணத்துக்குத் தனியார் மருத்துவமனைகளுக்கான 2006 விதிமுறைகளின் 13ஆவது அட்டவணையில் உச்சவரம்பு உண்டு, 2013இல் அதை உயர்த்தியிருக்கிறார்கள். அறை, முகமூடி, கையுறை இவற்றுக்கு அந்த வரம்பு கிடையாது. பில் எங்கே ஊதுகிறது என்று இப்போது புரிகிறதா?

விவரமாக ஆலோசனை எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. அவசரமாகச் சில: ‘இருக்காரு’ என்று சொன்னால் கட்டடத்துக்குள் இருக்கிறாரா, வீட்டில் இருக்கிறாரா என்று கேளுங்கள். பணம் கட்டுமுன் செலவு மதிப்பீடு எழுதி வாங்குங்கள். மொத்தத் தொகை போட்ட ஒற்றைத் தாள் போதாது, வரி வரியான பில் கேளுங்கள். டாக்டர் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். யார் எத்தனை மணிக்கு வந்தார் என்று ஃபோனில் குறித்து வையுங்கள், நான் குறித்தது இப்போது கைகொடுக்கிறது. மூச்சு இழுத்தால் மட்டும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே ஓடுங்கள், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

மகள் இப்போது நலம். சுகாதார அமைச்சில் தனியார் மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் சி.கே.ஏ.பி.எஸ். பிரிவுக்குப் பில் நகலோடு புகார் அனுப்பிவிட்டேன். அதற்குப் பதில் வரும்வரை மருத்துவமனையின் பெயரை இங்கே எழுத மாட்டேன், தனியாகக் கேட்டும் மெசேஜ் அனுப்ப வேண்டாம்.