பிரின்சஸ் மொனோனோகே: காட்டுக்கும் உலைக்கும் நடுவே

ஹயாவோ மியாசாகி எழுதி இயக்கிய ‘பிரின்சஸ் மொனோனோகே’ படத்தைக் கடந்த வாரம் நான்காம் முறையாகப் பார்த்தேன். சிறு ரசிகர் கூட்டம் விடாமல் கொண்டாடும் கல்ட் படம், வெகுஜனப் படம், சூழலியல் படம் என்று நாம் படங்களைப் பிரித்துப் பேசிப் பழகியிருக்கிறோம். 134 நிமிடம் ஓடும் இந்த அனிமேஷன் படத்தை அவற்றில் எந்த ஒன்றுக்குள்ளும் அடக்க முடியவில்லை. 1997 ஜூலையில் ஜப்பானில் வெளியானபோது 1 கோடியே 40 லட்சம் பேருக்கு மேல் திரையரங்குக்குச் சென்று பார்த்தார்கள். அதுவரை அந்த நாட்டில் எந்தப் படமும் எட்டாத வசூலை அது எட்டியது, பிறகு ‘டைட்டானிக்’ வந்துதான் அதை முந்தியது. அதே படம் 1999-இல் ஆங்கிலக் குரல்களுடன் அமெரிக்காவுக்குப் போனபோது திரையரங்குகளில் எடுபடவில்லை. அங்கே வீட்டுத் திரைகளின் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தன் ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டது. நான் முதன்முதலில் பார்த்ததும் சென்னையில் ஒரு மொட்டைமாடியில், வேட்டியைத் திரையாகக் கட்டி, பதினைந்து பேர் பாயில் அமர்ந்து பார்த்த ஒரு திரையிடலில்தான்.

கதை முரோமாச்சிக் காலத்து (14 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை) ஜப்பானில் நடக்கிறது. வெறிகொண்ட ஒரு காட்டுப்பன்றித் தெய்வம், வடகிழக்கு ஜப்பானின் பழங்குடியினரான எமிஷி மக்களின் சிற்றூரைத் தாக்க வருகிறது. அதைக் கொன்று ஊரைக் காக்கும் இளவரசன் அஷிடாகாவின் வலக்கையில் அதன் சாபம் ஏறிக்கொள்கிறது. இறந்த பன்றியின் உடலுக்குள் ஓர் இரும்புக் குண்டு கிடைக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று தேடி மேற்கே போகிறவன், மலையைக் குடைந்து இரும்பு உருக்கும் ததாரா என்ற கோட்டையூரையும், அந்த ஊரைப் பகைக்கும் காட்டையும், அந்தக் காட்டில் ஓநாய்களிடம் வளர்ந்த சான் என்ற பெண்ணையும் காண்கிறான்.

மரம் வெட்டுகிறவரைக் கொடியவராகக் காட்டிவிட்டால் பார்வையாளர் நிம்மதியாக வீடு திரும்பலாம். சூழலியல் படங்கள் பலவும் இதைத்தான் செய்கின்றன. அந்த நிம்மதியை மியாசாகி நமக்குத் தருவதில்லை என்பதே இந்தப் படத்தின் மேன்மை என்று நினைக்கிறேன். ததாராவின் தலைவி எபோஷி காட்டை அழிக்கிறாள் என்பதில் ஐயமில்லை: இரும்பு மணலுக்காக மலையைக் கரைக்க வேண்டும், மணலை உருக்கக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். ஆனால் அந்த இரும்பில்தான் விலைமாதர் இல்லங்களிலிருந்து அவள் மீட்டுவந்த பெண்கள் சோறு உண்கிறார்கள். ஜப்பானின் பழைய இரும்பு உலைகளில் பெண்கள் நுழைவது தீட்டாகக் கருதப்பட்டது. எபோஷியோ உலைக்குக் காற்றூதும் துருத்தியையே அவர்கள் காலடியில் ஒப்படைக்கிறாள்.

அந்தத் துருத்திக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. மேலிருந்து தொங்கும் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்று பெரிய பலகையை மிதிக்கிறார்கள். ஒரு பக்கம் தாழ மறுபக்கம் எழுகிறது, உலை சீறுகிறது. நான்கு நாளும் இரவும் நிறுத்தாமல் மிதிக்க வேண்டிய வேலை அது. அஷிடாகா ஒரு பெண்ணை விலக்கிவிட்டு அவள் இடத்தில் நின்று முழு மூச்சுடன் மிதிக்க, சுற்றியிருப்பவர்கள் சிரித்துக் கேலி பேசுகிறார்கள். இங்கே வாழ்க்கை கடினமா என்று அவன் கேட்கும்போது, முன்பிருந்த இடத்தைவிட எவ்வளவோ மேல், வயிறார உண்ணலாம், ஆண்களின் அதிகாரமும் இல்லை என்று பதில் வருகிறது. இதைக் கேட்ட பிறகு, சான் அந்த ஊர்மீது பாயும்போது யார் பக்கம் நிற்பது என்று நமக்கே தெரியாமல் போகிறது.

எபோஷியின் தோட்டத்தில், உடலெங்கும் துணி சுற்றிய தொழுநோயாளிகள் துப்பாக்கி செய்துகொண்டிருக்கிறார்கள். அழுகும் தங்கள் தசையைக் கழுவிக் கட்டுப்போட்டு, தங்களை மனிதராக மதித்தவள் இவள் ஒருத்திதான் என்று படுக்கையில் கிடக்கும் முதியவர் அஷிடாகாவிடம் மன்றாடுகிறார். மியாசாகி தன் வீட்டுக்கு அருகிலுள்ள ஜென்ஷோயென் தொழுநோய் இல்லத்துக்குச் சென்றுவந்த அனுபவத்திலிருந்து இந்த மனிதர்கள் பிறந்தார்கள். தொழுநோயாளிகளை ஒதுக்கிவைத்த சட்டம் ஜப்பானில் 1996-இல்தான், அதாவது படம் வருவதற்கு ஓராண்டு முன்புதான், நீக்கப்பட்டது.

காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்ஜப்பானின் யாகுஷிமா தீவுக் காடுகளைப் பார்த்துவந்து வரைந்த பாசியும் வேரும் நீரும் திரையிலிருந்து குளிர்கின்றன. மான் உருவில் வரும் காட்டின் தெய்வமான ஷிஷிகாமி ஒரு சொல்லும் பேசுவதில்லை. அது கால் வைத்த இடத்தில் செடிகள் முளைத்துப் பூத்து, கால் எடுத்ததும் வாடி உதிர்கின்றன. அய்யனாரின் கோயில்காட்டில் ஒரு சுள்ளி ஒடிக்கவும் கை தயங்கும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தெய்வத்தைப் பற்றி விளக்கம் தேவைப்படாது.

பார்க்க விரும்புவோர் ஜப்பானிய ஒலியையே தேர்ந்தெடுக்குமாறு வேண்டுகிறேன். தாய் ஓநாய் மோரோவுக்கு அகிஹிரோ மிவா என்ற ஆண் கலைஞர் தந்த கரகரத்த குரலை இழப்பது பெரிய இழப்பு. ஆங்கில வசனத்தைத் திறமையாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் அது வேறொரு ருசி. கஞ்சி வெந்நீர் போலிருக்கிறது என்று மூலத்தில் வரும் வசை, ஆங்கிலத்தில் கழுதைச் சிறுநீராகிவிடுகிறது. ஜப்பானிய ஒலியோடு ஆங்கில வசனத்துக்கான சப்டைட்டிலைச் சேர்த்துவிட்டால் இரண்டும் பொருந்தாமல் குழப்பும் என்பதால் தொடக்கத்திலேயே சரிபார்த்துக்கொள்வது நல்லது. அம்பு பட்டுக் கையும் தலையும் துண்டாகும் காட்சிகள் இருப்பதால் சிறு குழந்தைகளை உட்காரவைக்க வேண்டாம்.

குறைகளும் உண்டு. கடைசிப் பகுதியில் சாமுராய்ப் படை, பேரரசரின் ஆணையோடு வந்த வேட்டையாடிகள், பன்றிகள், ஓநாய்கள் என எல்லாரும் ஒரே நேரத்தில் மோதுவதால், யார் யாரை எதற்காகத் தாக்குகிறார்கள் என்பது முதல் பார்வையில் பிடிபடாது. படத்தின் பெயர் சானைக் குறித்தாலும் அவளை நாம் பெரும்பாலும் அஷிடாகாவின் கண் வழியாகவே அறிகிறோம். ஓநாய்களோடு அவள் வாழும் அன்றாடத்துக்கு இன்னும் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.

முடிவில் மலை மீண்டும் பச்சை பிடிக்கிறது. ஆனாலும் இது இனி ஷிஷிகாமியின் காடல்ல என்கிறாள் சான்; அஷிடாகாவைப் பிடித்திருந்தாலும் மனிதர்களை மன்னிக்க இயலாது என்று சொல்லிக் காட்டுக்கே திரும்புகிறாள். ஒரு கையை இழந்த எபோஷி, நல்ல ஊராக மறுபடி தொடங்குவோம் என்று தன் மக்களிடம் சொல்கிறாள். அந்தப் பெண்கள் இனி எந்த மரத்தின் கரியைக் கொண்டு உலையை மூட்டுவார்கள் என்று மொட்டைமாடித் திரையிடலில் ஒருவர் கேட்டார். பாயைச் சுருட்டிய பிறகும் நாங்கள் அதைப் பற்றியே நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.