ஆன்டிவைரஸ் பாதி விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

மேலூரில் பிரவுசிங் சென்டர் போடப்போகும் நண்பர் கேட்டிருந்தார்: "அண்ணே, உங்க கடைல இருக்கிற அதே ஆன்டிவைரஸ் பாதி விலைக்கு வருது. மூணு வருசப் பேக். எடுத்துரவா?" வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார், அதை இங்கே எழுதுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்லும் குறை அந்த ஒரு கம்பெனியோடு நிற்பதும் இல்லை.

முதலில் அதன் நல்ல பக்கம். திருமங்கலத்தில் எங்கள் கடைக்குக் கள்ளிக்குடி, பேரையூர், செக்கானூரணி பக்கமிருந்தெல்லாம் பிரின்ட் எடுக்க வருவார்கள். பென்டிரைவ் வந்தால் கூடவே வைரஸும் வரும். இருக்கிற ஃபோல்டரையெல்லாம் மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் போட்டு வைக்குமே, அந்தப் பழைய வைரஸ் இன்னும் எங்கள் பக்கம் ஒழியவில்லை. பென்டிரைவைச் செருகியதுமே இந்த ஆன்டிவைரஸ் அதைப் பிடித்துவிடும், மறைந்த ஃபோல்டரையும் மீட்டுத் தந்துவிடும். காலேஜ் ப்ராஜெக்ட் முழுக்கப் போய்விட்டது என்று கண் கலங்கி நின்ற ஒரு பெண்ணுக்கு அப்படித் திரும்பக் கிடைத்திருக்கிறது. இந்த ஒரு வேலையில் அதை மிஞ்ச எதுவும் நான் பார்க்கவில்லை.

பிரவுசர் விஷயத்துக்கு வருவோம். என் கோபமெல்லாம் அங்கேதான்.

கடையில் நடப்பதில் பாதிக்கு மேல் பிரவுசரில் நடக்கும் வேலை. பட்டா, வில்லங்கச் சான்று, வருமானச் சான்று, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், இபி பில். ஹால் டிக்கெட் வரும் நாட்களில் வாசல் வரைக்கும் ஆள் நிற்கும். அந்த மாதிரி ஒரு நாளில்தான் ஃபயர்பாக்ஸில் அந்தப் பக்கம் வரும்: ஏதோ ஒரு மென்பொருள் இந்தத் தளத்தோடு பாதுகாப்பாக இணைய விடாமல் தடுக்கிறது என்று. தளத்தில் ஒரு கோளாறும் இருக்காது. நெட்டும் நன்றாக ஓடும். பக்கத்துக் கம்ப்யூட்டரில் குரோமில் அதே தளம் திறக்கும்.

காரணம் இதுதான். எச்டிடிபிஎஸ் (முகவரி https என்று தொடங்கும்) தளத்துக்கும் பிரவுசருக்கும் நடுவில் போகும் தகவலை வேறு யாராலும் படிக்க முடியாது. ஆன்டிவைரஸ் அதைப் படிக்க வேண்டுமானால் நடுவில் உட்கார வேண்டும். தளத்தோடு அதுவே பேசி, வந்ததைப் பிரித்துப் பார்த்து, தளம் அசல்தான் என்று காட்டும் சான்றிதழுக்குப் பதில் தான் தயாரித்ததைப் போட்டு மூடி பிரவுசரிடம் கொடுக்கிறது. பதிவுத் தபாலை ஒருவர் வழியில் உடைத்துப் படித்துவிட்டுத் தன் முத்திரையைக் குத்தி ஒட்டி அனுப்புவது மாதிரி. அந்த முத்திரையை நம்பச் சொல்லி, இன்ஸ்டால் ஆகும்போதே விண்டோஸில் தன் ரூட் சான்றிதழை, அதாவது மற்றச் சான்றிதழ்களை நம்ப வைக்கும் தாய்ச் சான்றிதழைச் சேர்த்துவிடுகிறது. விண்டோஸில் அப்படிச் சேர்த்ததைக் குரோம் ஏற்றுக்கொள்கிறது. ஃபயர்பாக்ஸ் தனக்கென்று ஒரு தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அங்கே இந்தச் சான்றிதழ் இல்லையென்றால் நடுவில் யாரோ இருக்கிறார்கள் என்று கத்துகிறது. ஃபயர்பாக்ஸ் சொல்வது பொய்யில்லை. நடுவில் ஆள் இருக்கிறதுதானே?

2019 ஜனவரியில் ஃபயர்பாக்ஸ் 65 வந்தபோது அவாஸ்ட், ஏவிஜி என்ற ஆன்டிவைரஸ்கள் இருந்த கம்ப்யூட்டர்களில் இதே சிக்கல் பெரிதாகக் கிளம்பியது. விண்டோஸுக்கான தானியங்கி அப்டேட்டையே ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மோசில்லா கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. அந்த ஆண்டு ஜூலையில் வந்த 68ஆம் பதிப்பிலிருந்து, இப்படி ஒரு பிழை வந்தால் விண்டோஸில் சேர்த்திருக்கும் சான்றிதழ்களை ஃபயர்பாக்ஸ் தானாகவே ஏற்றுக்கொள்ளப் பார்த்தது. அதன்பிறகு தொல்லை குறைந்தது உண்மை. ஆனால் ஆன்டிவைரஸ் பெரிய அப்டேட் போட்டு, பாதி பழசும் பாதி புதுசுமாக நிற்கும் நேரங்களில் எங்கள் கடையில் மறுபடி மறுபடி வந்தது.

நேரம் வீணாவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. சில தளங்களில் அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போக வழி உண்டு. "அட்வான்ஸ்டு" என்பதை அமுக்கி, பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டால் உள்ளே விட்டுவிடும். பாதுகாப்பான இணைப்பைக் கட்டாயமாக்கும் எச்எஸ்டிஎஸ் என்ற ஏற்பாடு உள்ள தளங்கள்தான் அந்த வழியையும் அடைத்து வைத்திருக்கின்றன. கூட்ட நேரத்தில் கடைப் பையன்கள் என்ன செய்வார்கள்? பேரையூரிலிருந்து பட்டா எடுக்க வந்த பெரியவர் திரையைப் பார்த்து, "என்னமோ வேணாங்குது போலயே தம்பி?" என்று கேட்டார். "அது அப்படித்தேன் வரும் தாத்தா, ஒண்ணுமில்ல" என்று பையன் அமுக்கிவிட்டுப் போனான். அவர் ஆதார் நம்பரையும் ஓடிபியையும் நம்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கு உண்மையிலேயே ஒரு போலித் தளம் வந்தாலும் பையன் கை அதே பட்டனுக்குத்தான் போகும். ஒரு எச்சரிக்கையை மதிக்கப் பழக்குவது எவ்வளவு கஷ்டம்! பாதுகாப்புக்கென்று காசு கொடுத்து வாங்கிய பொருளே அந்தப் பழக்கத்தைக் கெடுக்கிறது என்றால் எனக்கு ஆத்திரம் வரத்தான் செய்யும்.

ஆன்டிவைரஸ் கம்பெனிகள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். இன்றைக்கு மோசடித் தளங்களும் எச்டிடிபிஎஸ்ஸில்தான் இருக்கின்றன. சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. உள்ளே என்ன வருகிறது என்று பார்க்காமல் எப்படித் தடுப்பது என்று கேட்கிறார்கள். சரி. ஆனால் டவுன்லோடு ஆகும் ஃபைல் டிஸ்க்கில் விழுந்ததும் அதே ஆன்டிவைரஸ் அதைச் சோதிக்கத்தானே செய்கிறது? மோசடித் தளப் பட்டியலைக் குரோமும் ஃபயர்பாக்ஸும் தாங்களே வைத்துப் பார்க்கின்றன. இதற்கு மேல் வங்கிப் பக்கத்தைப் பிரித்துப் படிக்க என்ன அவசியம்?

பிரித்து மூடும் வேலையை ஒழுங்காகச் செய்தாலாவது பரவாயில்லை. 2016இல் கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர் டாவிஸ் ஓர்மண்டி, காஸ்பர்ஸ்கி என்ற ஆன்டிவைரஸ் இந்தச் சான்றிதழ்களை வெறும் 32 பிட் என்ற மிகச் சிறிய அடையாளத்தை வைத்து வேறுபடுத்திப் பார்த்ததைக் கண்டுபிடித்தார். ஒரு தளத்தின் இடத்தில் இன்னொன்றை நுழைத்துவிடலாம் என்ற நிலை. பிறகு சரிசெய்தார்கள். 2017இல் வந்த ஓர் ஆய்வு, இப்படி நடுவில் புகும் ஆன்டிவைரஸ்களில் பெரும்பாலானவை இணைப்பின் பாதுகாப்பைக் குறைக்கவே செய்தன என்று காட்டியது. அதே ஆண்டு குரோம்காரர்கள், வெளி மென்பொருள் குரோமுக்குள் தன் நிரலை நுழைக்கும் கம்ப்யூட்டர்களில் பிரவுசர் திடீரென்று நின்றுபோவது 15 சதவீதம் அதிகம் என்று சொல்லி, 2018 ஜூலையில் வரவிருந்த 68ஆம் பதிப்பிலிருந்து அதைத் தடுக்கப்போவதாக அறிவித்தார்கள். ஆக இது திருமங்கலத்துக் கடைக்காரன் ஒருவனின் எரிச்சல் மட்டும் இல்லை.

விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸும் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. ஃபயர்பாக்ஸ் ஓடும்போது அது சிபியுவை அநியாயத்துக்குத் தின்கிறது என்று 2018இல் எழுதிய புகார், 2023இல்தான் தீர்ந்தது. ஐந்து வருடம்! பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் பாடு தெரிந்திருக்கும். ஆனாலும் டிஃபெண்டர் தன் சான்றிதழைப் போட்டுப் பக்கத்தை மூடிக் கொடுப்பதில்லை. எனக்கு அது போதும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஒன்று செய்யுங்கள். வங்கித் தளம் ஒன்றைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கம் உள்ள படத்தை அமுக்கிச் சான்றிதழைப் பாருங்கள். கொடுத்தவர் பெயர் இருக்கும் இடத்தில் உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால் அது நடுவில் உட்கார்ந்திருக்கிறது. செட்டிங்ஸில் எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங் என்றோ, என்கிரிப்டட் கனெக்ஷன் ஸ்கேனிங் என்றோ இருக்கும், அதை அணையுங்கள். நானும் அணைத்தேன். பெரிய அப்டேட் வந்ததும் தானே மறுபடி ஆன் ஆகி நின்றது. வாடிக்கையாளரைக் கேட்காமல் இதைச் செய்வதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? பிரவுசரில் ஒட்டிக்கொண்டு தேடல் முடிவுகளில் பச்சை டிக் போடும் எக்ஸ்டென்ஷனும் அப்படித்தான், எடுத்தால் திரும்ப வரும். அதற்கு மேல் எழுதினால் இன்னும் கோபம்தான் வரும்.

கவுன்டர் கம்ப்யூட்டர்களிலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்ததும் டிஃபெண்டர் தானாகவே வேலையைத் தொடங்கிவிட்டது. பென்டிரைவ் செருகும் பிரின்ட் கம்ப்யூட்டரில் மட்டும் லைசென்ஸ் முடியும் வரை இருக்கும், அதில் பிரவுசர் திறப்பதில்லை. அதன் பிறகு புதுப்பிக்க மாட்டேன், பாதி விலை என்றாலும் சரி, சும்மா கொடுத்தாலும் சரி. புதிதாகக் கடை போடுகிறவர்கள் அந்தக் காசைச் சேர்த்துப் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, வேகமாக ஓடும் எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள். ஆன்டிவைரஸை எடுப்பவர்கள் கன்ட்ரோல் பேனலில் நீக்கியதோடு நிற்காமல், அந்தக் கம்பெனியே கொடுக்கும் நீக்கும் டூலையும் ஓட்டுங்கள். கடைசியாக விண்டோஸின் சான்றிதழ் பட்டியலில் அதன் ரூட் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதையும் அழித்துவிடுங்கள்.