போஸ்ட்கிரஸ் 8 வருஷம்: வொர்க் மெம் பக்கத்துல அந்த ஒரு வரி எங்க?

ஃப்ரெண்ட் ஒருத்தன் நேத்து கேட்டான், புது ப்ராஜெக்ட்டுக்கு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் போடலாமாடான்னு. 9.6 வெர்ஷன்ல ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் அதுலதான் ஓட்டுறேன், டேட்டா ஒரு தடவகூட காணாம போனதில்ல. ஆனா அவன் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது வொர்க் மெம்தான், க்வெரி வேலைக்கு எவ்ளோ மெமரி எடுத்துக்கலாம்னு வைக்கற செட்டிங்.

மாசக் கடைசி ரிப்போர்ட் ரொம்ப இழுத்துச்சு. க்வெரி எப்படி ஓடுதுன்னு காட்டுற எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டா "எக்ஸ்டர்னல் மெர்ஜ்"னு காட்டுது, அதாவது சார்ட் (வரிசைப்படுத்துற வேலை) மெமரில அடங்காம டிஸ்க்குக்குப் போயிருச்சு. டீஃபால்ட் 4 எம்பிதானே, ஏத்தலாம்னு கான்ஃபிக் ஃபைலத் திறந்தேன். அந்த வரி பக்கத்துல இருந்த கமெண்ட் மொத்தமே இவ்ளோதான்: மினிமம் 64 கேபி. சரி, கனெக்‌ஷனுக்கு இவ்ளோன்னு போலன்னு நெனச்சு கணக்குப் போட்டேன், 40 கனெக்‌ஷன், ஆளுக்கு 256 எம்பி, மொத்தம் 10 ஜிபி, எல்லாருக்கும் பொதுவான கேஷ் ஷேர்டு பஃபர்ஸ் 4 ஜிபி, மெஷின்ல 16 ஜிபி இருக்கு, அடங்கும்.

அடங்கல. அது கனெக்‌ஷன் கணக்கே இல்ல, க்வெரிக்குள்ள வர்ற ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஒவ்வொரு ஹேஷுக்கும் (சட்டுனு தேட மெமரில கட்டுற டேபிள்) தனித்தனி, அதுலயும் 15 வெர்ஷன்ல இருந்து ஹேஷுக்கு டீஃபால்ட்டாவே ரெண்டு மடங்கு. எங்க ரிப்போர்ட்ல ஒரு சார்ட், ரெண்டு ஹேஷ், ஆக ஒரே க்வெரி 1.25 ஜிபி வரைக்கும் தின்னலாம். ஒரே நேரத்துல பத்துப் பதினஞ்சு பேர் ரிப்போர்ட்ட அமுக்க, மெமரி பத்தாம லினக்ஸ் ஒரு ப்ராசஸ சிக்னல் 9 போட்டு கொன்னுச்சு, அதோட மத்த கனெக்‌ஷன் அத்தனையும் அறுந்து டேட்டாபேஸ் ரெகவரிக்குப் போயிருச்சு.

டாக்குமெண்டேஷன்ல இல்லன்னு சொல்லல. ரிசோர்ஸ் கன்சம்ப்ஷன் பக்கத்துல, மொத்த மெமரி இந்த அளவவிட பல மடங்கு போகலாம்னு தெளிவாவே இருக்கு. நான் படிச்சதுலயே இவங்க டாக்குமெண்டேஷன்தான் பெஸ்ட், அதுல மாற்றமில்ல. ஆனா வேல்யூவ மாத்துறவன் கண்ணு முன்னாடி இருக்கறது அந்த ஃபைல்தானே. தப்பா வெச்சா க்வெரி ஸ்லோ ஆகும்னா மேனுவல்ல விளக்கினா போதும், தப்பா வெச்சா சர்வரே விழும்னா அந்த வரி பக்கத்துலயே சொல்லணும். செட்டிங் எல்லாத்தையும் காட்டுற பிஜி செட்டிங்ஸ் வியூல பாருங்க, ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஹேஷ் டேபிளுக்கும் இவ்ளோன்னு ஒரு வரி ஏற்கனவே எழுதி ரெடியா கெடக்கு. ஷேர்டு பஃபர்ஸ் பக்கத்துல "மாத்துனா ரீஸ்டார்ட் வேணும்"னு போடத் தெரிஞ்சவங்களுக்கு இதப் போட என்ன கஷ்டம்?

அவன்கிட்ட கண்ண மூடிட்டு போடுடான்னுதான் சொன்னேன். டாக்குமெண்டேஷனுக்கு மட்டும் இன்னிக்கு அஞ்சுக்கு ரெண்டு மார்க்குக்கு மேல போட எனக்கு மனசு வரல. இப்ப என் கையில இருக்கற எல்லா சர்வர்லயும் அந்த வரிக்கு மேல நானே ஒரு கமெண்ட் எழுதி வெச்சிருக்கேன்: "இது ஆளுக்கு இல்ல, ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஹேஷுக்கும். பெருக்கிப் பாத்துட்டு மாத்து."