ஆறு வருடமாக ஓடும் என் மரம் அறுக்கும் மெஷின்

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்து ஓய்ந்த வாரம், வாடகை மெஷினைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூர் தெருக்களில் இறங்கியவன் நான். தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் வேரோடு சாய்ந்து வழியை அடைத்துக் கிடந்தன. சொந்த மெஷின் வாங்கியது 2019-ல். ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 250, 45.4 சிசி, பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் சேர்க்காமல் 4.6 கிலோ. அப்புறம் பெரிய அடிமரங்களுக்காக 72 சிசி மெஷின் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். இரண்டிலும் மாற்றம் செய்து ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

சின்னதில் செய்தது சைலன்சர் வேலை மட்டும். சத்தத்தை அடக்குவதற்காகப் புகை போகும் வாயைக் கம்பெனியில் சின்னதாக வைத்திருப்பார்கள். அதைக் கொஞ்சம் அகலப்படுத்தினோம். தீப்பொறி தடுக்கும் வலையைத் தொடவில்லை. மாதவரம் பக்கம் காலி மனைகளில் காய்ந்த புல்லுக்கு நடுவே நின்று சீமைக்கருவேலம் அறுக்கிறவர்கள் அந்த வலையைக் கழற்றவே கூடாது. பலன் நன்றாகத் தெரிந்தது. பச்சை அடிமரத்தில் பார் முழுக்க இறங்கும்போது முன்பு இஞ்சின் திணறும். இப்போது அழுத்தாமலே இறங்குகிறது. சத்தம் கூடிவிட்டது, காதுக்கு மஃப் இல்லாமல் ஸ்டார்ட் செய்வதில்லை.

ஆனால் சைலன்சரைத் திறந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. புகை சுலபமாக வெளியேறினால் காற்று அதிகமாக உள்ளே வரும். அதற்கேற்ற பெட்ரோல் வர வேண்டும். கார்புரேட்டரில் 'எச்' என்று போட்ட ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். இந்த இஞ்சினுக்கு ஆயில் தனியாகப் போவதில்லை, பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடும் ஏறும், ஆயிலும் குறையும். மரத்தில் வைக்காமல் முழு ரேஸ் கொடுத்தால் சத்தம் லேசாக உடைந்து கரகரக்க வேண்டும், மரத்தில் வைத்ததும் தெளிய வேண்டும். மரத்தில் வைக்காதபோதே விசில் மாதிரிக் கீச்சென்று ஏறினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், உடனே நிறுத்திவிடுங்கள்.

இதை நான் கற்றது பெரிய மெஷினில். ஒரு பட்டறையில் சிலிண்டருக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டை, அதாவது மெல்லிய அடைப்புத் தகட்டை, எடுத்துவிட்டால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுங்கும் அழுத்தம்) ஏறும் என்றார்கள். ஏறியது உண்மை. கயிற்றை இழுத்தால் மணிக்கட்டைப் பிடுங்கியது. சைலன்சரையும் நன்றாகத் திறந்தார்கள், கார்புரேட்டரைத் தொடவில்லை. மணலியில் ஒரு குடோன் வேலை, ஒரு மணி நேரம்கூட ஓடியிருக்காது, அறுத்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. "பிஸ்டன் பிடிச்சுக்கிச்சு அண்ணே, புகை வாய் பக்கம் பூரா கோடு," என்றார் பிரித்துப் பார்த்த தம்பி. பிராட்வேயில் சிலிண்டர், பிஸ்டன் செட் வாங்கிப் போட்டு, கேஸ்கெட்டைத் திரும்ப வைத்த பிறகுதான் மெஷின் மெஷினாக ஓடுகிறது. கேஸ்கெட்டை எடுத்தால் பிஸ்டன் தலைக்கும் சிலிண்டருக்கும் இடையில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பிளக் ஓட்டை வழியாக ஈயக் கம்பியை விட்டு நசுக்கி அளக்க வேண்டும். அளக்கத் தெரியாதவர் கையில் சிலிண்டரைக் கொடுக்காதீர்கள். வாரன்டி இருக்கிற மெஷின் என்றால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆயில் விஷயத்தில் இங்கே பலர் தவறு செய்கிறார்கள். காசிமேட்டில் ஃபைபர் போட் இஞ்சினுக்கு ஊற்றுகிற ஆயில் சுலபமாகக் கிடைக்கிறது. அது தண்ணீரால் குளிரும் இஞ்சினுக்கானது. நம் மெஷின் காற்றில் குளிர்வது, சூடு அதிகம். நான் கம்பெனி ஆயிலையே லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 50-க்கு 1 கணக்கில் கலக்கிறேன். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்த பிறகு இன்னொரு தொல்லை. எத்தனால் கலந்தால் அதே ஸ்க்ரூ அளவில் கலவை இளைத்துப்போகும், 'எச்' ஸ்க்ரூவை மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும், நம் கடலோரக் காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். மழைக்காலத்தில் இரண்டு வாரம் டேங்கில் அப்படியே விட்டதில் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு, டயாஃப்ரம், விறைத்துப்போனது. இப்போது வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, இஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன்.

ஆறு வருடத்தில் சின்ன மெஷினுக்கு மாற்றியவை: டயாஃப்ரம் இரண்டு முறை, பெட்ரோல் டியூப் ஒரு முறை, ஸ்டார்ட்டர் கயிறு மூன்று, செயினை ஓட்டும் பல்சக்கரம் (ஸ்ப்ராக்கெட்) இரண்டு. சிலிண்டரும் பிஸ்டனும் வாங்கியபோது இருந்தவைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சைலன்சரைத் திறந்து கிடைத்த வேகத்தை விட, அரத்தால் செயின் பல்லைத் தீட்டிக் கிடைக்கிற வேகம் அதிகம். தெருவோர மரம் என்றால் ஆணி இல்லாமல் இருக்காது. போர்டு அடித்தது, திருவிழா சீரியல் பல்ப் கட்டியது, எல்லாமே மரத்துக்குள் மூடிக் கிடக்கும். ஆணியில் பட்ட செயினோடு பிடிவாதமாக அறுத்தால் இஞ்சினும் பாரும் காய்ந்துபோகும். என் செயினின் கண்ணி அளவு .325 இன்ச், அதற்கு 4.8 மில்லிமீட்டர் அரம். இரண்டு டேங்குக்கு ஒரு முறை தீட்டுகிறேன், பல்லுக்கு முன்னால் இருக்கும் மேட்டைப் பல் நுனியிலிருந்து 0.65 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்துவதில்லை. அதை அதிகம் தேய்த்தால் செயின் கடித்து இழுத்து முகத்துக்கு நேரே உதறும்.

மரத்தில் ஏறி அறுக்கத் தனியாக வைத்திருக்கும் மெஷினில் மட்டும் எந்த மாற்றமும் செய்யவில்லை. கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்போது எனக்குக் கூடுதல் வேகம் தேவைப்படுவதில்லை. செயின் பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று தினமும் தரையிலேயே பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.