விடுதியா, வீடா: ரஷ்ய மொழி எங்கே நாவில் படிகிறது?

ரஷ்யாவின் வரோனெஷ் நகரில் நான் படித்த இரண்டு ஆண்டுகளில், முதலாண்டைப் பல்கலைக்கழக விடுதியிலும் இரண்டாமாண்டை ஓய்வுபெற்ற ஓர் அம்மையாரின் வீட்டு அறையிலும் கழித்தேன். ரஷ்யாவுக்குப் படிக்கக் கிளம்பும் நம் மாணவர்கள் எங்கே தங்குவது என்று கேட்கும்போது வாடகையையும் பேருந்து வசதியையும் பற்றித்தான் கேட்கிறார்கள். மொழியும் பண்பாடும் எங்கே கைகூடும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி என்று நான் நினைக்கிறேன். என் சாய்வு வீட்டின் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றைச் சுருக்கமாக முடித்துக்கொள்வோம். விடுதி மலிவு, வீட்டு அறைக்கு அதைப்போலப் பல மடங்கு ஆகும். விடுதியில் இரவு வாயில் அடைக்கும் நேரம் உண்டு. வீட்டிலும் வேறு வடிவில் அந்தக் கட்டுப்பாடு உண்டு. வந்திறங்கியதும் குடிபெயர்வுத் துறையில் செய்யவேண்டிய முகவரிப் பதிவை விடுதியில் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளும். வீட்டிலோ வீட்டுக்காரர் முன்வந்து செய்ய வேண்டும், அதற்குத் தயங்குகிறவர்கள் பலர்.

விடுதிக்கு உரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். மாணவர்கள் 'அப்ஷாகா' என்று செல்லமாகச் சொல்லும் அந்தக் கட்டடத்தில் ஒரு மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை. அங்கே வியட்நாம் மாணவரும் துர்க்மெனிஸ்தான் மாணவரும் நானும் பேசிக்கொள்ள ரஷ்ய மொழியை விட்டால் வேறு மொழி இல்லை. பிழையைப் பற்றிய கூச்சம் அங்கேதான் எனக்குப் போயிற்று. ஆனால் அறைக்குள் நுழைந்தால் தமிழும் மலையாளமும் இந்தியும்தான். அதற்கும் மேலாக, பிழையாகப் பேசுகிற ஐந்து பேர் ஒருவரையொருவர் நன்றாகவே புரிந்துகொள்வதால், எவருடைய பிழையும் திருந்துவதில்லை. பட்டப்படிப்பில் சேரத் தேவையான முதல்நிலைச் சான்றிதழ்த் தேர்வுக்கு ஏறத்தாழ 2300 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். அவற்றை விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துவிடலாம். நானும் அப்படித்தான் செய்தேன்.

வீட்டில் பண்பாடு வாசற்படியிலேயே தொடங்கிவிடுகிறது. வாசற்படிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று கைகுலுக்கக் கூடாது. செருப்பைக் கழற்றியதும் விருந்தினருக்கென்று வைத்திருக்கும் 'தாப்பச்க்கி' என்னும் வீட்டுச் செருப்பு காலுக்கு வந்துவிடும். வீட்டுக்குள் சீட்டியடித்தால் பணம் தங்காது. நெடும்பயணம் கிளம்புமுன் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்து எழ வேண்டும். அம்மையாரை அவர் பெயரோடு தந்தைப் பெயரையும் சேர்த்து நான் 'வி' என்று அழைத்தேன், அவர் என்னைத் 'தி' என்றார். 'நீங்கள்', 'நீ' என்று பழகிய நமக்கு இதில் சிரமமே இல்லை. 1918இல் நாட்காட்டி மாறிய பிறகும் பழைய கணக்குப்படி வரும் 'பழைய புத்தாண்டை' ஜனவரி 13 இரவில் மேசை விரித்து வரவேற்கிறார்கள். விடுதியில் அந்த நாள் தேர்வுக் காலத்துக்குள் தெரியாமலே கடந்துபோயிற்று. வீட்டில் அந்த இரவு விருந்து முடிந்து விடிந்தபோது எனக்குப் பொங்கல் நேரம்.

ஆனாலும் வீட்டைத்தான் தேர்ந்தெடுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் சடங்குகள் அல்ல, வினைச்சொற்கள். ரஷ்ய மொழியில் பெரும்பாலான வினைகள் இரட்டையாக வருகின்றன: ஒன்று செயல் நடப்பதை மட்டும் சொல்வது, மற்றொன்று அது முடிவதைச் சொல்வது. ஆறு வேற்றுமைகளும் தமிழருக்குப் பெரிய தடை அல்ல. 'வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து' என்று உருபு மாற்றிப் பழகியவர்கள் நாம். தடுக்கி விழுவது இந்த வினை இரட்டைகளில்தான். வகுப்பில் இவற்றுக்கு விதி சொல்வார்கள், பட்டியல் தருவார்கள். விதியை நினைவுபடுத்திக்கொள்வதற்குள் பேச்சு நம்மைத் தாண்டிப் போய்விடும்.

எனக்கு இது விளங்கியது ஒரு குழம்புச் சட்டியின் முன்னால். அம்மையார் கரண்டியோடு நின்றபடி, 'தி சூப் ஸலீல்?' என்று கேட்டார். சூப்பில் உப்புப் போட்டாயா, அப்படி ஏதாவது நடந்ததா என்பது கேள்வி. மறுநாள் என்னிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் குளியலறையிலிருந்து திரும்பியவர், 'பஸலீல்?' என்று கேட்டார். சொன்ன வேலையைச் செய்துவிட்டாயா என்று பொருள். 'உப்புப் போட்டாயா', 'உப்புப் போட்டுவிட்டாயா' என்ற இரண்டுக்கும் நடுவிலுள்ள அதே இடைவெளி! நம் 'விடு' என்னும் துணைவினை செய்கிற வேலையைத்தான் அங்கே ஒரு முன்னொட்டு செய்கிறது என்று அன்று எனக்குப் பட்டது. அதன் பிறகு வீட்டில் எதைக் கேட்டாலும் அதைத் தமிழில் வைத்துப் பார்ப்பேன். 'நே அத்க்ரிவாய் ஃபோர்த்தச்க்கு' என்றால் குளிர்காற்று வரும், அந்தச் சிறுசன்னலைத் திறக்காதே. 'நே உப்பதீ' என்றால் பனி உறைந்த படிக்கட்டில் விழுந்துவிடாதே. 'நே ஸபூத்' என்றால் சாவியை மறந்துவிடாதே. நாம் வேண்டுமென்றே செய்வதைத் தடுக்க முதல் வகை வினையும், அறியாமல் நேர்ந்துவிடக் கூடியதை எச்சரிக்க இரண்டாம் வகை வினையும் வருகின்றன. இரண்டாம் வகை வரும் இடங்களில் தமிழும் 'விடாதே' என்றுதான் சொல்கிறது. இந்தப் பொருத்தம் எல்லா இடத்திலும் நிற்காது என்பது உண்மை. ஆனால் பிடித்து நடக்க ஒரு கைப்பிடி கிடைத்துவிட்டது.

அக்டோபரில் முட்டைக்கோஸ் புளிக்கவைத்த நாள் எனக்கு ஒரு பருவத்து இலக்கணப் பாடம். கோஸையும் கேரட்டையும் சீவி, உப்பிட்டுக் கையால் பிசைந்து நீர் விடவைத்து, மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடியில் அழுத்தி நிரப்புவார்கள். பிறகு நாள்தோறும் மரக்குச்சியால் அடிவரை குத்திக் காற்றை வெளியேற்றாவிட்டால் கசந்துபோகும். நான் வெட்டிக்கொண்டிருந்தவரை 'ரெஷ், ரெஷ்' என்றார், வெட்டு, வெட்டு என்று. கத்தியைக் கீழே வைத்ததும் 'நரேஸல்?' என்றார், வெட்டிவிட்டாயா என்று. முடியாத வேலைக்கு ஒரு சொல், முடிந்த வேலைக்கு வேறு சொல். இரண்டுக்கும் நடுவில் என் விரல் நுனியெல்லாம் உப்பு எரிந்தது. அந்த இரட்டையை நான் இனி மறக்கப் போவதில்லை. விடுதியில் ஒருவர் வேலையை இன்னொருவர் இப்படிப் பின்தொடர்ந்து கேட்பதில்லை. அவரவர் சட்டி, அவரவர் தட்டு.

போவதையும் வருவதையும் சொல்லும் வினைகளும் இப்படித்தான். கடைக்குக் கிளம்பும்போது அவர் சொல்லும் 'ஸ்ஹஷூ' நம் 'போய்விட்டு வருகிறேன்' என்பதேதான். ஒருநாள் அவர் வெளியே போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வந்து விசாரித்தார். 'பஷ்லா', அதாவது போயிருக்கிறார் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் 'ஹதீலா' என்றேன், அதாவது போய்த் திரும்பிவிட்டார் என்று. அவரும் செருப்பை மாற்றிக்கொண்டு சமையலறையில் போய் உட்கார்ந்து, உள்ளே இருந்து அம்மையார் வருவார் என்று காத்திருந்தார். வகுப்பில் இந்தப் பிழைக்குச் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

வீட்டிலும் குறைகள் உண்டு. வரோனெஷ் தெற்கத்திப் பேச்சு வழங்கும் வட்டாரம். அம்மையார் பிறந்த கிராமத்து வழக்கப்படி 'க' ஒலியை மூச்சுக்காற்றாக இழுத்துச் சொல்வார், பீட்ரூட்டைப் பொது வழக்கில் சொல்லாமல் 'புர்யாக்' என்பார். நம் 'பகல்' என்ற சொல்லின் நடுவிலுள்ள ஒலிக்கு அந்தக் 'க' நெருக்கமானது என்பதால் எனக்கு உடனே ஒட்டிக்கொண்டது. அதைத் திருத்த ஆசிரியைக்குச் சில மாதங்கள் ஆயின. சமவயது இளைஞர்களின் பேச்சும் வீட்டில் கிடைக்காது. அதற்கு விடுதி நண்பர்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது. நான் வாழ்ந்தது ஒரே ஒரு வீட்டில், தனியே இருந்த ஒருவரோடு. ஓராண்டு இலக்கணம் கையில் இருந்ததால்தான் அந்தக் கேள்விகள் என் காதில் விழுந்தன என்றும் இருக்கலாம். எழுத்து மட்டும் தெரிந்து வருகிறவருக்கு முதல் சில மாதங்கள் விடுதியே நல்லது என்று தோன்றுகிறது.

பிறகு வீடு தேடுகிறவர்கள் முகவரிப் பதிவு செய்து தருவாரா என்பதை முதலில் கேளுங்கள். வேறு வெளிநாட்டு மாணவர்களும் அங்கே தங்கியிருந்தால் அது சிறிய விடுதிதான், விட்டுவிடுங்கள். கடைசியாக, சமையலறையை நீங்கள் தனியாக வேறு நேரத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் சலுகையாகச் சொன்னால், கூடவே நின்று சமைக்க விரும்புவதாகச் சொல்லிப் பாருங்கள். அதற்கு முகம் மலர்கிறவரின் வீடு, வாடகை சற்றுக் கூடுதலானாலும் சரி.