ஏடிமெகா 328பி சிப் மொத்தமாக வாங்குகிறவர்கள் கவனிக்க

7,200 ரூபாய் போச்சு. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறைகளுக்கு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி செய்து கொடுக்கிறேன். சூடு கூடினால் ஷீட்டில் குமிழ் விழும், குறைந்தால் உலராது. இந்த வேலைக்கு 28 கால் ஏடிமெகா 328பி தாராளம். நாம் ஏற்றும் புரோகிராம்படி பெட்டியை இயக்கும் மைக்ரோகன்ட்ரோலர் சிப் அது. 8-பிட் சிப்தான், ஆனால் புரோகிராமை வைக்க 32 கேபி ஃப்ளாஷ், 2 கேபி ராம், சென்சாரைப் படிக்க 10-பிட் ஏடிசி, கரண்ட் போனாலும் செட்டிங் அழியாமல் இருக்க 1 கேபி ஈப்ராம், எல்லாம் உண்டு. 5 வோல்ட்டிலேயே ஓடும்.

எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகங்கள் மட்டும் விற்கும் ஒரு ஆன்லைன் கடை. போனில் பேசியவர், "அண்ணே, நம்பிக்கை இல்லேன்னா முதல்ல ரெண்டு சாம்பிள் எடுத்துப் பாருங்க" என்றார். எடுத்தேன். இரண்டும் அசல், இன்றும் ஒரு பெட்டியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படிச் சொல்கிற ஆளை யார்தான் சந்தேகப்படுவார்கள்? 180 ரூபாய் வீதம் 40 சிப்புக்கு 7,200 ரூபாயை முன்பணமாகவே அனுப்பினேன்.

வந்த சிப்பில் புரோகிராம் ஏறவே இல்லை. புரோகிராமரை (சிப்பில் புரோகிராம் ஏற்றும் கருவி) மாட்டி, ஏவிஆர்டியூட் மென்பொருளில் சிக்னேச்சரை, அதாவது எந்த வகைச் சிப் என்று காட்டும் அடையாள எண்ணைப் பார்த்தால், மூன்று பைட்டில் நடுவில் 95 வர வேண்டிய இடத்தில் 94. அது 16 கேபி ஃப்ளாஷ் மட்டுமே உள்ள ஏடிமெகா 168 வகை. என் புரோகிராமே 21 கேபி! கால் அமைப்பு ஒன்றுதான் என்பதால் பார்வைக்குத் தெரியாது. பஞ்சில் அசிட்டோன் தொட்டு மேலே துடைத்தேன். பஞ்சு கறுத்தது, 328பி என்ற எழுத்து கரைந்தது, அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கோடுகள். ஒன்றாம் காலைக் காட்டும் குழியும் பாதி தூர்ந்து கிடந்தது. தெரியாமல் மாறிப் போன சரக்கு இல்லை இது, தேய்த்து எழுதி விற்றிருக்கிறார்கள்.

கூப்பிட்டால் முதலில் "உங்க புரோகிராமர் பழுதா இருக்கும் சார்". அண்ணன் அதற்குள் சார் ஆகிவிட்டேன். அதே புரோகிராமரில் சாம்பிள் சிப் படிக்கிற வீடியோவை அனுப்பினேன். "கவர் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது" என்றார்கள். கவரைப் பிரிக்காமல் சிப்பை எப்படிச் சோதிப்பது? அப்புறம் "கம்பெனியில கேட்டுச் சொல்றோம்". இப்போது போனே எடுப்பதில்லை. 7,200 ரூபாய் என் ஒரு மாத லாபம். பெட்டிக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

விளக்கமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. சாம்பிள் நன்றாக இருந்தது என்று மொத்தத்துக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். சாலிடர் வைக்கும் முன் ஒவ்வொரு சிப்புக்கும் சிக்னேச்சர் பாருங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், அடுத்தது நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம். இதேபோல் சாம்பிள் காட்டி உங்களையும் ஏமாற்றியிருந்தால் பில்லோடு சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.