கைமாறி வந்த காங்கா ஜோடி: வாராவாரக் கச்சேரிக்குத் தாங்குமா?

தாங்கும். காங்கா என்பது கையால் வாசிக்கிற உயரமான கியூபா டிரம். அதன் உடலான மர ஷெல் நன்றாக இருந்து, போல்ட்டும் நட்டும் அடம்பிடிக்காமல் திரும்பினால், புது ஜோடிக்குக் காசை இறைக்க வேண்டிய அவசியமே இல்லை. நான் வாங்கியது வாய் 11¾ அங்குலம் உள்ள காங்காவும், அதைவிடக் கனத்த குரலுள்ள 12½ அங்குலத் தும்பாவும். உயரம் 30 அங்குலம், இரண்டிலும் மாட்டுத்தோல், கூடவே ஓர் இரட்டை ஸ்டாண்டு. முன்பு வைத்திருந்தவர் வீட்டோடு வாசித்தவர், அதனால் வெளியே கீறல் குறைவு, நட்டுகளில் துரு அதிகம். துருவைத் துடைத்துவிடலாம் என்பதால் எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. கின்டோ என்கிற 11 அங்குலச் சின்ன டிரம்மும் சேர்த்து மூன்றாக விற்றவர்களும் இருந்தார்கள், ஆனால் பாட்டுக்குப் பின்னால் தாளம் பிடிக்கிறவருக்கு இரண்டே போதும், மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போதுதான் அது ஏன் வேண்டாம் என்று புரியும்.

விற்கிறவர்கள் போட்டோவில் காட்டுவது பாலீஷைத்தான், பாலீஷை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. நேரில் போகும்போது ஒரு டார்ச்சும் ஸ்பேனரும் எடுத்துப் போங்கள். காங்காவைப் படுக்கவைத்து, அடிப்பக்கத் திறப்பு வழியாக டார்ச்சை உள்ளே விட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, மரப்பலகைகள் ஒட்டியிருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். முடி அளவுக்கு வெளிச்சக்கோடு தெரிந்தால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. நீளவாக்கில் ஒட்டு மட்டும் விட்டிருந்தால் மரப்பசை போட்டு இறுக்கிக் கட்டிச் சரிசெய்துவிடலாம், விலையைக் குறைத்துக் கேட்கவும் ஒரு காரணம் கிடைத்த மாதிரி. அதே விரிசல் தோல் உட்காரும் விளிம்பிலோ, இறுக்கும் போல்ட்டுகளைத் தாங்கும் பக்கத் தகட்டின் ஓட்டைகளைச் சுற்றியோ இருந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். தோலை இழுக்கும் இழுப்பு முழுக்க அந்த இடங்களில்தான் விழுகிறது, எந்தப் பசையும் அங்கே ரொம்ப நாள் நிற்காது. நான் பார்த்த ஒரு ஜோடியில் விரிசலுக்கு மக்கு பூசி மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள், வெளிச்சம் தெரியவில்லைதான், ஆனால் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தால் எல்லா இடத்திலும் ‘டொக்’ என்று கேட்டது அங்கே மட்டும் ‘சொத்’ என்று கேட்டது. விற்றவர் அது டிசைன் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தோலைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். கை பட்டுப் பட்டுக் கறுத்த இடம் இருந்தால் பரவாயில்லை, அது வாசித்த அடையாளம். விளிம்பை ஒட்டி மெலிந்து வெளுத்த கோடு ஓடினால் கிழிய நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, தோலை மேலிருந்து இறுக்கும் வளையமான ரிம் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று கவனியுங்கள். பக்கத் தகட்டைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டிருந்தால் இனி இழுக்க இடமில்லை, தோல் எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்றித்தான் ஆகவேண்டும். மாற்றும்போது 11¾ என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே அளவு என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி ரிம்மின் விட்டமும் தோலைப் பிடிக்கும் உள்வளையமும் மாறும், மாடல் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

ரிம்மைக் கீழே இழுக்கும் கொக்கி போல்ட்டுகளில் ஒரு வில்லங்கம் உண்டு. சில கம்பெனிகள் 5/16 அங்குலம் போடுகின்றன, சில 8 மில்லிமீட்டர். 5/16 என்பது 7.94 மில்லிமீட்டர், ஆக கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மரை இடைவெளி வேறு. மாற்றிப் போட்ட நட்டு இரண்டு சுற்று சமர்த்தாகப் போகும், அப்புறம் இறுகும், அதை ஸ்பேனர் போட்டுத் திருகினால் மரை போய்விடும். என் தும்பாவில் இப்படி ஒரு வேற்று நட்டு இருந்தது. துரு என்று நினைத்து எண்ணெய் விட்டுத் திருகிக்கொண்டே இருக்கலாம், ஒன்றும் நடக்காது. பக்கத்துப் போல்ட்டில் விரலால் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

செட்டப் செய்வதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிக்கொள்ளுங்கள். எல்லா நட்டையும் கழற்றி, ரிம்மையும் தோலையும் எடுத்துவிட்டு, ஷெல்லைச் சமமான மேஜைமேல் கவிழ்த்து வைத்து உள்ளே டார்ச் வையுங்கள், விளிம்புக்கு அடியில் வெளிச்சம் கசிந்தால் அங்கே விளிம்பு பள்ளம். எனக்குக் கசியவில்லை. மரைகளைப் பிரஷ்ஷால் தேய்த்து, துளி கிரீஸ் தடவி, தகட்டுக்கும் ஷெல்லுக்கும் நடுவில் தேய்ந்துபோயிருந்த ரப்பரை மாற்றினேன், அதோடு ஓபன், அதாவது தோலை முழங்கவிடும் அடி, அடிக்கும்போது பின்னால் வந்த ஒரு கிணுகிணுப்பு நின்றுபோனது. பிறகு எல்லா நட்டையும் விரலால் இறுக்கி, ரிம் எங்கும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று அளந்துவிட்டு, ஸ்பேனரால் ஒரு சுற்றுக்குக் கால் திருப்பு. டிரம் கிட்டில் போல எதிரெதிராக இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், நான் வரிசையாகச் சுற்றித்தான் போகிறேன். ரிம் ஒரு பக்கம் சாயாமல் இருந்தால் எந்த வழியும் சரிதான்.

சுருதி என்று பார்த்தால் காங்கா சி, தும்பா அதற்குக் கீழே ஜி. காங்காவை ஷட்ஜம் என்று வைத்துக்கொண்டால் தும்பா கீழ்ப் பஞ்சமம், நம் காதுக்கு உடனே பிடிபடுகிற இடைவெளி. ஆரம்பத்தில் கியூபாவில் தோலை ஆணி அடித்து நெருப்பில் காட்டித்தான் சுருதி ஏற்றினார்கள், திருகி ஏற்றும் அமைப்பைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவராகப் பட்டாட்டோ என்று எல்லோரும் அழைத்த காங்கா கலைஞர் கார்லோஸ் வால்டெஸைச் சொல்வார்கள். அவருக்கு ஒரு நன்றி.

வாராவாரம் வாசிக்கும்போதுதான் இயற்கைத் தோலின் குணம் தெரியும். ஈரக்காற்று என்றால் சுருதி இறங்கும், மேடை விளக்குச் சூட்டில் ஏறும். திறந்தவெளி மேடையில் முதல் பாட்டுக்குச் சேர்த்த சுருதி இடைவேளைக்குள் எங்கேயோ போயிருக்கும். அதனால் காங்காவுக்கு மட்டும் செயற்கைத் தோல் போட்டுவிட்டேன், ஸ்லாப் என்கிற அறையும் அடி பளிச்சென்று விழுகிறது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் கொஞ்சம் உலோகச் சத்தம் கலந்திருப்பது தெரிகிறது, மைக்கில் அது தெரியவில்லை. தும்பாவில் மாட்டுத்தோலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கனமான ‘தும்’ செயற்கைத் தோலில் எனக்குக் கிடைக்கவே இல்லை. வாசித்து முடித்ததும் அதை அரைத் திருப்பு தளர்த்திவிட வேண்டும், வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகவே கூடாது. ஃபைபர் ஷெல் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மைக் இல்லாமல் சத்தமான பேண்டோடு வாசிப்பவர் என்றால் வாங்குங்கள், மரத்தைவிட அது முன்னால் வந்து கேட்கும். மைக் கிடைக்கும் இடங்களில் எனக்கு மரம்தான்.

மைக் ஒவ்வொரு டிரம்முக்கும் ஒன்று, விளிம்பிலிருந்து ஒரு சாண் மேலே, அவ்வளவுதான். ஒரே மைக்தான் கொடுப்போம் என்றால் இரண்டுக்கும் நடுவே வைத்து, தும்பா பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளுங்கள். தரையில் தட்டையாக வைத்து வாசித்தால் அடிவழியாகக் காற்று போக இடமில்லாமல் பேஸ் அமுங்கிவிடும், லேசாகச் சாய்க்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டாண்டு. உட்கார்ந்தே வாசிக்கிறவர்கள் 28 அங்குல உயரத்தில் தேடினால் தோள்பட்டைக்கு நல்லது. நான் நின்று வாசிப்பவன், 30 சரியாக இருக்கிறது.

மொத்தத்தில் ஏமாற்றம் தந்தது ஸ்டாண்டு மட்டும்தான். உயரம் பிடிக்கும் குமிழின் மரை தேய்ந்து, வேகமான பாட்டில் தும்பா மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. பைப்பைச் சுற்றி ஒரு ஹோஸ் கிளிப்பை முறுக்கி இப்போதைக்கு ஓட்டுகிறேன். நீங்கள் வாங்கும்போது ஸ்டாண்டில் ஏற்றி, மேலே கையை ஊன்றி முழு எடையையும் கொடுத்துப் பாருங்கள். இறங்கினால் ஸ்டாண்டைக் கணக்கில் சேர்க்காமல் விலை பேசுங்கள்.